உப்புக்குக் கேட்கக் கூடாத எண்

அறிவழகன் மரக்காணம் உப்பளத்தில் நட்டுவைத்த பதினாறு சென்சார்களில் பதினைந்தை உப்பு தின்றுவிட்டது. அதற்கு உப்பு எடுத்துக்கொண்டது பதினோரு நாள்தான். பதினாறாவதைத் தின்னவில்லை, அதன்மேல் ஏறி ஏறி அதைப் பலாக்கொட்டை அளவுக்கு ஆக்கிவிட்டது. அதுவும் வாரிய உப்போடு உப்பாக லாரி ஏறிப் போய்விட்டது. ஒன்பது நாள் கழித்துச் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ‘இருபத்தாறு டிகிரி’ என்று அது செய்தி அனுப்பியது. யார் வீட்டு ஊறுகாய் ஜாடியோ தெரியவில்லை. அறிவழகன் அந்த எண்ணையும் பதிவு செய்துகொண்டார். ஆராய்ச்சிக்காரர் இல்லையா, கிடைத்த எண்ணை விடமாட்டார்.

அவருக்கு வயது ஐம்பத்து நாலு. பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் முப்பது வருஷமாக மென்பொருள் ஆராய்ச்சி. மென்பொருள் எழுதுவது அவர் வேலை இல்லை. எழுதுகிறவர்கள் கையில் பிடிக்கிற கருவிகளை ஆராய்வது வேலை. அதாவது தச்சர் இல்லை, தச்சருக்கு உளி அடித்துக்கொடுக்கிறவர். உலகத்து உளிகளின் நிலைமையைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போனவர்.

“மடையைத் திறந்தா தண்ணி எங்க போகுதுன்னு கண்ணுக்குத் தெரியுது. புரோகிராம்ல ஒரு நம்பரை மாத்தினா அது எங்க போய் எதை உடைக்குதுன்னு பார்க்கப் பதினோரு ஃபைலைத் திறந்து கும்பிட்டுட்டு மூட வேண்டியிருக்கு. ஒருத்தன் கண்டுபிடிச்சதைப் பக்கத்து நாற்காலிக்காரன்கிட்ட சொல்றதில்ல. அவன் அதையே திரும்பக் கண்டுபிடிக்க ஆறு மாசம். அவனும் சொல்றதில்ல.”

இந்தப் பேச்சை ஆரம்பித்தால் அவர் நிறுத்த மாட்டார். அவர் வாய் திறந்ததும் அவர் தங்கியிருந்த பொம்மையார்பாளையத்து வாடகை வீட்டின் பல்லிகள் எல்லாம் எதிர்வீட்டுக்குக் குடிபோய்விட்டதாக வீட்டுக்காரர் சொல்வது கொஞ்சம் மிகை. இரண்டு பல்லிகள்தான் போயின.

குறை சொல்வதோடு நின்றவர் இல்லை அவர். ஒன்பது வருஷம் உட்கார்ந்து ஒரு கருவி செய்திருந்தார். அதற்குப் பெயர் ‘பாத்தி’. கைபேசியில் திறந்தால் உப்பளம் மாதிரியே கட்டம் கட்டமாக விரியும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண்ணோ ஒரு விதியோ இருக்கும். விதி என்றால் பேசுகிற தமிழிலேயே ஒரு வரி; ‘மேல்பாத்தி எண்ணை இங்கே காட்டு’ என்பதுபோல. ஒரு கட்டத்தில் மாற்றினால் அது வாய்க்காலில் தண்ணீர் போவதுபோல அடுத்த கட்டத்துக்குப் போவது கண்ணுக்கே தெரியும். யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம், யார் திருத்தினார் என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். பத்தாவது படித்தவர்கூடத் தன் புரோகிராமைத் தானே திறந்து சரிசெய்துகொள்வார் என்று பல மாநாடுகளில் பேசியிருக்கிறார். கேட்டவர்கள் கை தட்டினார்கள். தட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

இந்தக் கருவியை உலகத்துக்கு இலவசமாகத் திறந்துவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. ஓய்வுக்குள் அது நடக்க வேண்டும். நிறுவனமோ அதைப் பூட்டிவைத்து ஏதாவது ஒரு கம்பெனிக்குக் கொடுக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் இயக்குநர் ஒரு வழி சொன்னார். “ஒரு ஊர் ஜனங்க ஒரு பருவம் முழுக்க இதை நிஜமா உபயோகிச்சாங்கன்னு காட்டுங்க, திறந்து விட்டுடலாம். இல்லைன்னா பூட்டுதான். மே முப்பதாம் தேதி நம்ம ஆபீஸ் பிரபுவை அனுப்பறேன், பார்த்து ரிப்போர்ட் எழுதட்டும்.”

அப்படித்தான் அறிவழகன் ஜனவரியில் மரக்காணத்துக்கு வந்து சென்சார் நட்டார், உப்பும் அதைத் தின்றது.

சென்சார் போனதும் மனிதர்களிடம் வந்தார். உப்பளத்தின் தலைமாட்டில் பெரிய பாத்திகள். கடல்தண்ணீர் அங்கே வெயிலில் நின்று நின்று கெட்டியாகும். அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டது கொளஞ்சியம்மாளின் குழு. அறுபது வயதிலும் மண்வெட்டியைத் தோளில் போட்டபடியே தூங்கக்கூடியவர் கொளஞ்சியம்மாள். தண்ணீர் போதுமான கெட்டி ஆனதும் கீழே இருக்கிற குழுக்கள் மடையைத் திறந்து அதைத் தங்கள் சின்னப் பாத்திகளுக்கு வாங்கிக்கொள்ளும். அங்கேதான் உப்பு விளையும். நடுவில் இருந்தது லூர்துமேரியின் குழு, கடைசியில் வேல்முருகன் குழு. தண்ணீரின் கெட்டியைப் பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. தண்ணீரில் மிதக்கவிட்டால் எத்தனை டிகிரி என்று காட்டும். இருபத்து நாலு வந்தால் தண்ணீர் தயார். அதற்குக் குறைந்த தண்ணீரை உப்பு கட்டிய பாத்தியில் விட்டால் அது புதிதாக உப்பைக் கொடுக்காது, இருக்கிற உப்பைக் கரைத்துக்கொண்டு போகும்.

அதுவரைக்கும் வேல்முருகன் குழுவிலிருந்து தினமும் ஒருவர் ஒரு கிலோமீட்டர் வரப்பிலேயே நடந்து வந்து, “எத்தினி?” என்று கேட்டுவிட்டு, ஒரு கிலோமீட்டர் திரும்பி நடப்பார். ஏப்ரல் மாதம் அந்த வரப்பில் வெயில் எப்படி இருக்கும் என்றால், நடக்கிறவருடைய நிழல் பாதி வழியில் உட்கார்ந்துவிடும். திரும்பி வரும்போதுதான் எழுந்து சேர்ந்துகொள்ளும்.

அறிவழகன் கொளஞ்சியம்மாள் குழுவில் இருந்த வைஜெயந்தியிடம் பாத்தியைப் போட்டுக் கொடுத்தார். வைஜெயந்தி பத்தாவது வரை படித்தவள். குழாயைப் பார்த்து எண்ணைப் போனில் போடுவாள். கீழே லூர்துமேரியும் வேல்முருகனும் தங்கள் போனில் பார்த்து மடையைத் திறப்பார்கள். ஏப்ரல் பாதியிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. யாரும் நடக்கவில்லை. உப்பு நன்றாக விளைந்தது. அறிவழகனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முப்பது வருஷமாக எரிச்சலிலேயே இருந்தவருக்குச் சந்தோஷமாக இருக்கிற பழக்கம் விட்டுப்போயிருந்தது. இரண்டு நாள் கூனிமேட்டில் டீ குடித்துப் பார்த்தார். பிறகு பழைய குணம் வந்து எண்களைச் சரிபார்க்க உட்கார்ந்தார்.

அங்கேதான் பிடித்தது சனி. இருபத்திரண்டு டிகிரி என்று போனில் இருக்கிறது. அந்தத் தண்ணீரை வாங்கிய பாத்தியில் மறுநாளே உப்பு கட்டியிருக்கிறது. ரசாயனப்படி அது நடக்கவே முடியாது. நாற்பத்தோரு நாள் கணக்கிலும் அப்படியே நடந்திருக்கிறது. சொந்தமாக ஒரு கண்ணாடிக் குழாய் வாங்கிக்கொண்டு மே இருபத்து நாலாம் தேதி காலையில் பெரிய பாத்தி வரப்பில் போய் நின்றார்.

“வைஜெயந்தி, குழாய்ல என்ன இருக்குது?”

“நீங்களே பாத்துக்குங்க சார்.”

“பாத்தேன். இருபத்து நாலு. நீ போன்ல என்ன போட்ட?”

“இருபத்திரெண்டு.”

“ஏம்மா?”

“அது இருந்தா இதைத்தானே சார் போடணும்?”

அறிவழகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இருபத்து நாலுன்னா இருபத்து நாலுதானே போடணும்?”

பக்கத்தில் வரப்பைச் செதுக்கிக்கொண்டிருந்த கொளஞ்சியம்மாள் நிமிர்ந்தார். “சத்தமா சொல்லாதீங்க தம்பி. தண்ணி இங்கயேதான் நிக்குது.”

“தண்ணிக்குக் காது இருக்குதா?”

“இருக்குதோ இல்லியோ, நாம ஏன் சோதிச்சுப் பாக்கணும்? எங்க மாமனார் காலத்துல ஒருத்தன் இருபத்தஞ்சின்னு ஊரே கேக்கறாப்பல கத்திட்டான். கண்ணு பட்டுப்போச்சு. அன்னிக்கு நின்ன தண்ணி அப்படியே நின்னுச்சு. உப்பும் வுழல, ஒண்ணும் வுழல. ஐப்பசி மழை பேஞ்சிகூட இருபத்தஞ்சி குறையல. அதுல வாத்து நடந்து போச்சின்றாங்க.”

“நீந்திப் போச்சா?”

“நடந்துதான் போச்சி. அவ்ளோ கெட்டி.”

விஷயம் இதுதான். உப்பளத்தில் உண்மையான எண்ணை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இரண்டு குறைத்துச் சொல்வார்கள். கேட்கிறவர் மனசுக்குள் இரண்டைக் கூட்டிக்கொள்வார். பழகிப்போய் அந்தக் கூட்டலும் நின்றுவிட்டது. ‘இருபத்திரண்டு’ என்று காதில் விழுந்தால் கை தானாக மடைக்குப் போகும். வைஜெயந்தி வாயால் சொன்னதைப் போனிலும் போட்டாள், அவ்வளவுதான்.

“அப்போ இத்தனை நாளா எனக்குப் பொய் சொல்லியிருக்கீங்க,” என்றார் அறிவழகன்.

“பொய்யின்னா கேக்கறவங்க ஏமாறணும்,” என்றார் கொளஞ்சியம்மாள். “வேல்முருகன் ஏமாந்தானா? லூர்துமேரி ஏமாந்தாளா? நீங்க ஒருத்தருதான் ஏமாந்தீங்க. நீங்க மடையும் தொறக்கறதில்ல.”

“என்கிட்ட யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“உங்களுக்குத் தெரியாதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? படிச்சவரு.”

அறிவழகன் பொம்மையார்பாளையம் திரும்புகிற வழியெல்லாம் பைக்கோடு பேசிக்கொண்டே வந்தார். நாற்பத்தோரு நாள் எண்ணும் தப்பு. பிரபு வருவான், ஒரு குழாயை விட்டுப் பார்ப்பான், போனையும் பார்ப்பான். ஒன்பது வருஷ உழைப்பு இரண்டு டிகிரியில் போய்விடும். இதுதானே உலகம் முழுக்க நடக்கிறது என்று கொதித்தார். தகவல் எல்லோருக்கும் தெரியும், ஆனால் எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. புதிதாக வருகிறவன் சுவரில் முட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெங்களூரில் இப்படி ஒன்றை அவரே பார்த்திருக்கிறார். ஒரு அலுவலகத்தில் தேதி சொல்லும் புரோகிராம் ஒரு நாள் குறைத்துச் சொல்லும். அதைப் பயன்படுத்திய நாற்பத்து மூன்று புரோகிராம்களும் ஆளுக்கொரு நாள் கூட்டிக்கொண்டு அமைதியாக இருந்தன. புதிதாக வந்த ஒரு நேர்மையான ஆள் மூலத் தவறைத் திருத்தினார். மறுநாள் அந்த அலுவலகத்தில் செவ்வாய்க்கிழமையே வரவில்லை. திங்கள் முடிந்து நேராகப் புதன். இருநூறு பேர் ஒரு நாள் மூப்பாகிவிட்டார்கள். ஒருவருடைய பிறந்தநாள் இன்றுவரை கிடைக்கவில்லை. இந்தக் கதையை அறிவழகன் ஏழு மாநாடுகளில் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறார்.

அன்று மத்தியானம் மட்டும் அந்தக் கதை அவர் நினைவுக்கு வரவில்லை. மடிக்கணினியைத் திறந்து, தான் செய்த பாத்தியில், முதல் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதினார்: ‘வந்த எண்ணோடு இரண்டு கூட்டு.’ இனிமேல் வைஜெயந்தி வழக்கம்போலக் குறைத்துப் போடட்டும், கண் படாது; கீழே தெரிவது உண்மையான எண்ணாக இருக்கும், பிரபு வந்தாலும் பயமில்லை. அவருக்கே அவரைத் தட்டிக்கொடுக்க வேண்டும்போல இருந்தது. யாரிடமும் சொல்லாமல் மாற்றுகிற ஜாதி இல்லை அவர். ‘மாற்றங்கள்’ என்கிற பக்கத்தில் நாற்பது வரி, நல்ல தமிழில், படத்தோடு, என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம், இனி எந்த எண் வந்தால் மடை திறக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்.

அந்தப் பக்கத்தை எத்தனை பேர் படித்தார்கள் என்று பாத்தியே கணக்குக் காட்டும். ஒருவர். அவரும் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்கப் போன அறிவழகன்தான்.

மறுநாள் காலை பெரிய பாத்தியில் புதிதாக வந்து நின்ற தண்ணீர் உண்மையில் இருபத்திரண்டு டிகிரி. இன்னும் இரண்டு நாள் வெயில் வாங்க வேண்டிய தண்ணீர். வைஜெயந்தி வழக்கப்படி இருபது போட்டாள். பாத்தி இரண்டைக் கூட்டி இருபத்திரண்டு என்று காட்டியது. கடைசிப் பாத்திகளில் இருந்த வேல்முருகன் போனைப் பார்த்தார். இருபத்திரண்டு. கை மடைக்குப் போனது.

அவருடைய பதினாலு பாத்தியிலும் பத்து நாள் உப்பு கட்டியிருந்தது. மறுநாள் வாருவதாக இருந்தார்கள். அந்த நேரத்தில் மேல் தண்ணீர் கொஞ்சம் விட்டால் உப்பு இன்னும் தடிக்கும் என்றுதான் விட்டார். சாயங்காலம் நாலு மணிக்கு வந்து பார்த்தால் பாத்தியில் உப்பைக் காணோம், வானம் தெரிந்தது. மேகம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. மிச்சம் இருந்தது ஆறிய கஞ்சி மாதிரி அங்கங்கே கிடந்தது. நல்லவேளை, லூர்துமேரியின் போனில் அன்று சார்ஜ் இல்லை. அந்த ஒரு காரணத்தால் அவருடைய உப்பு பிழைத்தது.

விஷயம் கேட்டு அறிவழகன் போனபோது வேல்முருகன் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் குழுவில் எட்டுப் பேர். எல்லோரும் சுற்றி நின்றார்கள். ‘சார்’ என்று கூப்பிடுகிற வேல்முருகன் அன்றைக்கு அதைப் பாத்தியோடு விட்டுவிட்டார்.

“ஏம்பா இன்ஜினியரு. என்னாத்தப்பா பண்ண அதுல?”

“சரி பண்ணினேன் வேல்முருகன். நெஜமான எண் தெரியறாப்பல.”

“யாரு கேட்டாங்க?”

“எழுதி வச்சிருந்தேனே. என்ன மாத்தினேன்னு விளக்கமா.”

“எங்க?”

“மாற்றங்கள்னு ஒரு பக்கம் இருக்குது, அதுல.”

“அந்தப் பக்கத்துக்கு யாருப்பா போவாங்க?” வேல்முருகன் போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். “நான் மடை தொறக்கறவன். மடை தொறக்கற எடத்துல சொல்லணும். நேர்ல வந்து சொல்லியிருந்தா பத்து நிமிசம் ஆவுமா ஒனக்கு? பைக்குதான் இருக்குதே.”

குழுவில் இருந்த ஒரு பெண் கஞ்சி உப்பைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னார்: “நெஜத்தை வெளிய காட்டினாரு, உப்பு கரைஞ்சிபோச்சி. பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?”

மற்றவர்கள் தலையாட்டினார்கள். அறிவழகன் அப்படி இல்லை என்று விளக்க வாயைத் திறந்தார். ஆனால் கணக்குப் பார்த்தால் உண்மையான எண்ணை வெளியே காட்டியது அவர். அதனால்தான் உப்பு கரைந்தது. முப்பது வருஷ ஆராய்ச்சியை வைத்து எந்தப் பக்கம் புரட்டினாலும் அந்தப் பெண் சொன்னதில் ஒரு ஓட்டை கிடைக்கவில்லை. எரிச்சலில் அவருக்குக் காது சூடாகி, தலையில் உட்கார வந்த ஈ ஒன்று காலைத் தூக்கிக்கொண்டு பறந்தது.

எழுதிய வரியை எடுத்துவிடலாம் என்று அங்கேயே போனைத் திறந்தார். வரி இல்லை. அழைத்துக் கேட்டபோது வைஜெயந்தி சொன்னாள்: “யாரோ அதுல ரெண்டு கூட்டுன்னு எழுதி வச்சிருந்தாங்க சார். வேல்முருகன் அண்ணன் கத்தினதும் கட்டம் கட்டமாப் பாத்துகினே போனேன், தெரிஞ்சிச்சு. எடுத்துட்டேன்.”

அறிவழகன் மாநாடு மாநாடாகச் சொன்னது இதுதான். புரோகிராம் எழுதவே தெரியாத ஒருத்தி தன் புரோகிராமைத் திறந்து, தவறு எங்கே என்று கண்ணாலேயே தேடிப் பிடித்து, தானே சரிசெய்துவிட்டாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அது நடந்திருக்கிறது. யாரிடம் போய்ச் சொல்வது? அவள் எடுத்துப் போட்ட தவறு அவருடையது. எழுதியவர் பெயர் அந்தக் கட்டத்திலேயே இருந்தது. அதையும் பார்த்துவிட்டுத்தான் அவள் ‘யாரோ’ என்றாள்.

பிரபு வருவதற்கு ஐந்து நாள் இருந்தது. வேல்முருகன் குழுவில் மறுபடி ஆள் நடக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்து லூர்துமேரியும் போனை மூட்டை கட்டினார். “அதுல எப்ப எதை மாத்துவாரோ தெரியல. காலு மாறாது,” என்றார். ஒருவரும் உபயோகிக்காத கருவியை எந்தப் பிரபுவிடம் காட்டுவது? அறிவழகன் மூன்று நாள் வேல்முருகன் பாத்தி வரப்பில் போய் நின்றார். முதல் நாள் தண்ணீரின் ரசாயனம் சொன்னார். இரண்டாம் நாள் மன்னிப்புக் கேட்டார். மூன்றாம் நாள் வரப்புக்கு மண் அணைத்தார். அவர் அணைத்த வரப்பு மட்டும் இன்றைக்கும் தனியாகத் தெரியும். நண்டுகள்கூட அதன்மேல் ஏறுவதில்லை.

நாலாம் நாள் வேல்முருகன் இறங்கி வந்தார்.

“சரி, பாக்கறேன். ஆனா ஒண்ணு. இனிமே நெஜத்தைச் சொல்ல மாட்டேன்னு சொல்லு.”

“என்ன?”

“தண்ணி எத்தினின்னு நெஜத்தைச் சொல்ல மாட்டேன். போன்லயும் சரி, வாயாலயும் சரி. எங்க எல்லாரு முன்னாடியும் சொல்லு.”

பத்துப் பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, நாற்பது ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிய அறிவழகன், இனிமேல் நிஜத்தைச் சொல்ல மாட்டேன் என்று வரப்பில் நின்று சத்தியம் செய்தார். போன்கள் மறுபடி திறந்தன.

பிரபு மே முப்பதாம் தேதி சரியாக வந்தான். முப்பது வயது, வெள்ளை ஷூ. குயிலாப்பாளையத்தில் ஒரு விடுதியில் தங்கி, இலைச்சாறு குடித்துவிட்டு வந்திருந்தான். கெட்ட பிள்ளை இல்லை. வந்ததும் கண்ணாடிக் குழாயை வாங்கிப் பெரிய பாத்தியில் விட்டுக் குனிந்து பார்த்தான். பிறகு வைஜெயந்தியின் போனைப் பார்த்தான். மறுபடி குழாயைப் பார்த்தான்.

“சார், போன்ல இருபத்திரெண்டுன்னு இருக்கு. ஆனா இங்க இருபத்து—”

“கூழு குடிங்க தம்பி,” என்று கொளஞ்சியம்மாள் சொம்பை அவன் வாயருகே கொண்டுபோனார். பாதி சொம்பு காலியாகும் வரை கையை எடுக்கவில்லை.

மூச்சு வாங்கிக்கொண்டு பிரபு வைஜெயந்தியைக் கேட்டான். “நீங்க சொல்லுங்க, எத்தனை?”

“இருபத்திரெண்டு சார்.”

லூர்துமேரியைக் கேட்டான். இருபத்திரண்டு. வேல்முருகன் குழாயை வெயிலில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பொறுமையாக, “இருபத்திரெண்டுதான் சார், சுத்தமா,” என்றார். கடைசியில் பிரபு அறிவழகன் பக்கம் திரும்பினான். எல்லோரும் திரும்பினார்கள். வேல்முருகன் கண் கொட்டவில்லை.

இருபத்து நாலு என்று சொன்னால் பிரபுவுக்கு விளக்கிவிடலாம், இந்த ஜனங்கள் போனை மூடிவிடுவார்கள். சொல்லாவிட்டால் ஒன்பது வருஷமும் தப்பான எண் காட்டுகிற கருவி என்று போகும். அறிவழகன் தண்ணீரைப் பார்த்தார்.

“இருபத்திரெண்டு,” என்றார்.

பிரபு குழாயை ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

திரும்பும்போது காரில் அறிவழகன் எல்லாவற்றையும் சொன்னார். குயிலாப்பாளையம் வரைக்கும் சொன்னார். சுற்றுவழியாகப் போகச் சொல்லி இன்னும் கொஞ்சம் சொன்னார். இது தவறு இல்லை, இது ஒரு ஊரின் ஏற்பாடு. எண்ணை யார் யாரிடம் சொல்கிறார் என்பதும் தகவலில் சேர்த்தி. நம் கருவிகளில் அதற்குத்தான் இடமே இல்லை. என் ஆராய்ச்சியில் நான் பார்த்ததிலேயே முக்கியமான விஷயம் இதுதான் என்றார். பிரபு நடுவில் கைபேசியைப் பார்க்க ஆரம்பித்திருந்தான்.

“அப்போ தப்புன்னு தெரிஞ்சேதான் விட்டிருக்கீங்க, இல்லையா சார்?” என்றான் இறங்கும்போது.

“தப்பு இல்லப்பா.”

“சரி சார். அப்படியே எழுதிடறேன்.”

பத்து நாளில் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. பாத்தி எப்போதும் இரண்டு டிகிரி குறைத்துக் காட்டுகிறது. செய்தவருக்கு அது தெரியும், திருத்த மறுக்கிறார். உபயோகிப்பவர்களுக்கோ தெரியவில்லை, நேரில் அளந்த பிறகும் தவறான எண்ணையே ஒருமுகமாகச் சொல்கிறார்கள். ஜனங்கள் உபயோகிப்பது உண்மை. ஆனால் இந்த நிலைமையில் எந்தக் கம்பெனியும் இதைத் தொடாது. ஆகவே பூட்டிவைத்துப் பயன் இல்லை. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிடலாம். மரக்காணம் பாத்தியை அப்படியே உதாரணமாகச் சேர்த்துவிடவும்.

கேட்டது கிடைத்துவிட்டது. அறிவழகன் கடிதத்தை நாலு தடவை படித்தார். ஒவ்வொரு தடவையும் முந்தின தடவையைவிடக் கோபம் வந்தது. எதிர்த்து ஒரு பதில் எழுதினார், ஒன்பது பக்கம். அனுப்பினால் மறுபடி பூட்டிவிடுவார்களோ என்று தோன்றி அழித்தார். பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனார். யாரிடமாவது சொல்லித்தானே ஆகவேண்டும்.

கொளஞ்சியம்மாள் மண்வெட்டியை ஊன்றி முழுவதும் கேட்டார். “நல்ல சேதிதானே தம்பி. ஏன் மூஞ்சி இப்படி இருக்குது?”

“நல்ல சேதிதான்.”

“இனிமே யாரு வேணா எடுத்துக்கலாமா?”

“யாரு வேணா.”

“உதாரணம்னு எங்க பாத்தியப் போட்டிருக்குது. எங்க நம்பரும் எல்லாரும் பாப்பாங்களா?”

“ஆமாம்மா. நம்ம பாத்திதான் உலகத்துக்கே உதாரணம்.”

“எத்தினி பேரு பாப்பாங்க?”

“ஆயிரம் பேர் பார்க்கலாம். லட்சம் பேர்கூடப் பார்க்கலாம்.”

கொளஞ்சியம்மாள் பெரிய பாத்தியைப் பார்த்தார். தண்ணீர் அமைதியாக நின்றது. குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டார்.

“லட்சம் கண்ணுக்கு ரெண்டு எப்படிப் பத்தும்? வைஜெயந்தி, நாலாக் குறைச்சிப் போடு.”

“அம்மா, வேண்டாம்மா,” என்றார் அறிவழகன். “இப்பதான் எல்லாம் ஒரு நிலைக்கு வந்திருக்குது. வேணும்னா நான் மறைச்சிடறேன்.”

“மறைச்சா உதாரணம் எப்படி ஆவும்? தெறந்து வுடணும்னுதானே இத்தினி நாளா அலைஞ்சீங்க?”

வைஜெயந்தி ஏற்கெனவே போனை எடுத்துவிட்டாள். “இருபத்து” என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு மனசுக்குள் கழித்தாள்.

“கையை எடு. நான் திரும்பி வர்ற வரைக்கும் எதையும் போடாதே,” என்றார் அறிவழகன்.

பைக் வரப்பில் போகாது. மத்தியானம் பன்னிரண்டரை மணி வெயிலில், செருப்பு உப்புச்சேற்றில் ஒட்ட ஒட்ட, முதலில் லூர்துமேரியிடம் போய், இனிமேல் இருபது வந்தாலே மடை என்று வாயால் சொன்னார். அவர் திருப்பிச் சொல்லும்வரை நின்று கேட்டுக்கொண்டார். பிறகு வேல்முருகன் பாத்தியைப் பார்த்து நடந்தார். அன்றைக்குத்தான் அங்கே புது உப்பு கட்ட ஆரம்பித்திருந்தது.

வரப்பு மேல் அவர் வேகமாக வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்ட வேல்முருகன், என்ன ஏது என்று கேட்பதற்கு முன்னால் ஓடிப்போய் மடையை அடைத்தார்.